கதவுகளைத் திறந்து வைத்த நகரம்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

ஐரோப்பாவின் புகழ்பெற்ற நகரங்கள் என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருபவை பாரிசும் இலண்டனும் ரோமாபுரியும்தாம். வானளாவிய கோபுரமோ, மாமன்னர் வாழ்ந்த அரண்மனையோ, எழில்மிகு பேராலயமோ அந்நகரங்களின் அடையாளமாக விளங்குகின்றது. ஆனால் ஒடுக்கமான வீடுகளையும் அவற்றின் மேல்மாடிகளையுமே தன் பெருஞ்செல்வமாகக் கொண்ட நகரம் ஒன்று உண்டு. அதுதான் நெதர்லாந்து நாட்டின் தலைநகரான ஆம்ஸ்டர்டாம்.

இந்நகரில் ஒரு காலத்தில் மறைத்து வைக்கப்பட்டவை பல. ஒரு மதத்தாரின் வழிபாடு மறைந்து நடந்தது. உலகப் புகழ்பெற்ற ஓவியம் ஒன்று போருக்கு அஞ்சி மறைக்கப்பட்டது. நம் வயதுடைய பெண் ஒருத்தி மறைந்து வாழ்ந்தாள். நகரம் தான் செய்த பழைய பாவம் ஒன்றையும் பல காலம் பேசாமல் மறைத்தது. இன்றோ, குடத்திலிட்ட விளக்கை எடுத்துக் குன்றின்மேல் வைத்தாற்போல, இவையனைத்தையும் உலகமே வந்து பார்க்கும்படி அந்நகர மக்கள் திறந்து வைத்திருக்கின்றனர். தோழியரே! அந்நகரின் அருங்காட்சியகங்களையும் விழாக்களையும் சற்றே சுற்றி வருவோமா?

மரத்தூண்களின்மேல் ஒரு மாநகர்

ஆம்ஸ்டல் என்னும் ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட அணையே ஊருக்குப் பெயர் தந்தது. 'டாம்' என்றால் டச்சு மொழியில் அணை என்று பொருள். இவ்வூரின் பெயர் முதன்முதலில் காணப்படுவது 1275-ஆம் ஆண்டின் சுங்கச் சலுகை ஆவணம் ஒன்றில்தான். ஆகவே 2025-இல் நகரின் 750-ஆம் ஆண்டு நிறைவை மக்கள் வெகு விமரிசையாகக் கொண்டாடினார்கள்.

நிலமோ சதுப்பு நிலம். தோண்டினால் சேறும் நீருமே வரும். எனவே நீண்ட மரங்களை மண்ணுக்குள் ஆழமாக இறக்கி, அவை கெட்டி மணலில் போய் ஊன்றியபின், அவற்றின்மேல் வீடுகளைக் கட்டினார்கள். அணைச் சதுக்கத்தில் நிற்கும் அரண்மனை 17-ஆம் நூற்றாண்டில் நகர மன்றமாகக் கட்டப்பட்டது. அதைத் தாங்கி நிற்கும் மரத்தூண்கள் 13,659. இந்த எண்ணை மனப்பாடம் செய்ய அந்நாட்டு மாணவர்கள் ஓர் எளிய வழி வைத்திருக்கிறார்கள். ஆண்டின் நாட்கள் 365. அதற்கு முன்னால் 1, பின்னால் 9 சேர்த்தால் தீர்ந்தது! வரலாற்றுப் பாடத்தில் ஆண்டுகளை மறந்து விழிக்கும் நமக்கும் இப்படியொரு வழி இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

ஊரைச் சுற்றிலும் அரைவட்ட வடிவில் கால்வாய்கள் ஓடுகின்றன. 17-ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட இக்கால்வாய் வளையத்தை 2010-இல் யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கால்வாய்க் கரைகளில் வணிகர்களின் வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. முகப்பு குறுகியது; உட்புறமோ நீளமானது. படிக்கட்டுகள் ஏணியைப்போலச் செங்குத்தானவை. அப்படியானால் பெரிய சாமான்களை எப்படி மேலே கொண்டு செல்வது? ஒவ்வொரு வீட்டின் உச்சியிலும் ஒரு விட்டம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதில் கொக்கியும் கயிறும் மாட்டி, படகில் வந்த மூட்டைகளைச் சாளரம் வழியாக மேல்மாடிக்கு இழுத்துவிடுவார்கள். மிளகும் துணியும் அடுக்கி வைக்கவே அம்மாடிகள் அமைந்தன. அவற்றின் வரலாறு சரக்கோடு நின்றுவிடவில்லை என்பதை இனிக் காண்போம்.

மாடியில் ஓர் ஆலயம்

1578-இல் ஆம்ஸ்டர்டாமின் ஆட்சி புராட்டஸ்டாண்டு பிரிவினரின் கைக்கு மாறியது. கத்தோலிக்கர்களின் ஆலயங்கள் அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டன. வெளிப்படையாகத் திருப்பலி நிறைவேற்றவும் தடை விதிக்கப்பட்டது. மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வீடுகளுக்குள்ளேயே ஆலயங்களை அமைத்துக்கொண்டார்கள்.

யான் ஹார்ட்மன் என்னும் கத்தோலிக்க வணிகர் 1661-இல் கால்வாய்க் கரையில் ஒரு வீட்டையும் அதன் பின்னாலிருந்த இரு சிறு வீடுகளையும் வாங்கினார். மூன்றின் மேல்மாடிகளையும் ஒன்றாக இணைத்து, மாடித் தளங்களின் நடுப்பகுதியை வெட்டித் திறந்து, இருபுறமும் மக்கள் அமரும் மேடைகளை விட்டு, 1663-க்குள் ஓர் அழகிய ஆலயத்தையே உருவாக்கிவிட்டார். தெருவில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு அது மற்றொரு வணிகர் வீடு, அவ்வளவுதான். செங்குத்தான படிகளில் ஏறி உள்ளே சென்றாலோ பீடமும், இசைக்கருவியும், இயேசுவின் திருமுழுக்கைச் சித்திரிக்கும் பெரிய ஓவியமும் கண்ணைக் கவர்கின்றன. இடநெருக்கடியால் பிரசங்க மேடையைக்கூடப் பீடத்தின் தூணுக்குள் மடித்து வைத்து, வேண்டும்போது வெளியே இழுத்துக்கொள்ளும்படி செய்திருந்தார்கள்!

அதிகாரிகளுக்கு இது தெரியாமல் இல்லை. வெளியே தெரியாதவரை அவர்கள் கண்டும் காணாமல் இருந்தார்கள். அதற்குப் பணமும் பெற்றுக்கொண்டார்கள். நகரின் பாதுகாவலரான புனித நிக்கோலாசுக்குப் புதிய பெரிய ஆலயம் 1887-இல் எழும்பும்வரை, அம்மாடியில் வழிபாடு தொடர்ந்தது. மறு ஆண்டே, அதாவது 1888-இல், அவ்வீடு அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. 'மாடியில் நம் ஆண்டவர்' என்பதே அதன் பெயரின் பொருள்.

நாம் நம் சிற்றாலயத்தில் மணியடித்து, வாய்விட்டுப் பாடி மகிழ்கிறோம். அங்கோ, பாட்டொலி தெருவுக்குக் கேட்டுவிடுமோ என்ற கவலையோடு தலைமுறை தலைமுறையாக மக்கள் கூடினார்கள். விரும்பிய தெய்வத்தை வெளிப்படையாகத் தொழுவது எவ்வளவு பெரிய உரிமை என்பதை, அந்த மாடிப் படிகளில் ஏறுபவர் எம்மதத்தவராயினும் உணராமல் இருக்க முடியாது.

நாட்டின் கருவூலம்

ஆம்ஸ்டர்டாமின் அருங்காட்சியகங்களுள் தலையாயது ரைக்ஸ்மியூசியம் எனப்படும் அரசு அருங்காட்சியகம். கைபர்ஸ் என்னும் கட்டடக் கலைஞர் வடிவமைத்த அதன் மாளிகை 1885-இல் திறக்கப்பட்டது. மாடக் கோபுரங்களும் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களுமாகப் பேராலயம் போலத் தோன்றுகிறதே என்று அன்று முணுமுணுத்தவர்களும் உண்டு. 2003 முதல் 2013 வரை பத்தாண்டுகள் மூடிப் புதுப்பித்து மீண்டும் திறந்தார்கள். மாளிகையின் நடுவே, அடிப்பகுதியில், ஒரு பொதுப் பாதை செல்கிறது. அதில் மக்கள் மிதிவண்டியில் போய்க்கொண்டே இருப்பார்கள். கலைக்கூடத்தின் வயிற்றுக்குள் புகுந்து சந்தைக்குச் செல்லும் மக்களை வேறெங்கு காண்பது!

உள்ளே 80 அறைகளில் சுமார் 8,000 பொருட்கள், நாட்டின் 800 ஆண்டு வரலாற்றைச் சொல்கின்றன. அவற்றுள் முடிமணியாக விளங்குவது ரெம்பிராண்ட் 1642-இல் தீட்டிய 'இராக்காவல்' ஓவியம். ஏறத்தாழ 3.8 மீட்டர் உயரமும் 4.5 மீட்டர் அகலமும் உடையது. நகரக் காவற்படையினர் கொடியும் ஈட்டியும் துப்பாக்கியுமாகப் புறப்படும் காட்சி அது. உண்மையில் அது இரவுக் காட்சியே அன்று. மேலே பூசிய மெருகெண்ணெய் காலப்போக்கில் கறுத்ததால் வந்த பெயர்! வீரர்களின் நடுவே, பொன்னிற ஆடை உடுத்த ஒரு சிறுமி மட்டும் விளக்கேற்றியதுபோல ஒளிர்கிறாள். அவள் இடுப்பில் ஒரு கோழி தொங்குகிறது. அக்கோழியின் நகங்கள் அந்தப் படையின் சின்னத்தைக் குறிக்கின்றன.

இவ்வோவியம் பட்ட பாடு கொஞ்சமன்று. 1715-இல் அதை நகர மன்றத்துக்கு மாற்றியபோது, சுவரில் இடம் போதவில்லை என்று நான்கு பக்கமும் வெட்டிவிட்டார்கள்! இரண்டாம் உலகப் போரின்போது பாயைப் போலச் சுருட்டி, நாட்டின் தென்கோடியிலுள்ள குகைகளில் ஒளித்து வைத்தார்கள். 1975-இல் ஒருவன் கத்தியால் கிழித்தான், அதையும் சீர்செய்தார்கள். 2019-இல் மாபெரும் ஆய்வு ஒன்றைத் தொடங்கி, ஓவியத்தைச் சுற்றிக் கண்ணாடி அறை அமைத்து, வல்லுநர்கள் பணி செய்வதையே மக்கள் நின்று பார்க்கும்படி செய்தார்கள். 2021-இல், வெட்டுண்டு காணாமற்போன பகுதிகளைப் பழைய படியொன்றின் துணையோடு கணினி வழியே உருவாக்கி, ஓவியத்தைச் சுற்றிப் பொருத்தியும் காட்டினார்கள். 2024 நவம்பரில் பழைய மெருகெண்ணெயை மெல்ல அகற்றும் வேலை தொடங்கியது.

வெர்மீர் என்னும் ஓவியரின் படைப்புகளும் இங்கே உள்ளன. ஒரு பணிப்பெண் குடத்திலிருந்து பாலை ஊற்றுகிறாள், சாளரத்தின் வழியே வெளிச்சம் விழுகிறது, வேறொன்றும் இல்லை. ஆயினும் அதன் முன்னே கூட்டம் அசையாமல் நிற்கிறது! வெர்மீர் வரைந்தவையாக இன்று உலகில் எஞ்சியிருப்பவை சுமார் 37 ஓவியங்களே. அவற்றுள் 28-ஐப் பல நாடுகளிலிருந்தும் வரவழைத்து 2023-இல் ஒரு சிறப்புக் கண்காட்சி நடத்தினார்கள். 6,50,000 பேர் வந்து கண்டு களித்தனர்.

இதே வளாகத்தின் ஆசிய மண்டபத்தில் நம் தமிழகத்துச் சோழர் காலத்து நடராசர் திருமேனி ஒன்றும் இருக்கிறது. ஒன்றரை மீட்டர் உயரம். சுமார் 300 கிலோ எடை. ஆற்றல்மிக்க எக்ஸ்ரே கதிர்களைச் செலுத்தி ஆராய்ந்ததில், திருவாசி உட்பட அது உட்பொள்ளல் இன்றி முழுவதும் கெட்டியாக வார்க்கப்பட்டது என்று தெரிந்தது. அவ்வளவு உலோகத்தை ஒரே வார்ப்பில் உருக்கி ஊற்றிய நம் சிற்பிகளின் கைவண்ணத்தை நினைத்தால் நெஞ்சம் விம்முகிறது. அதே சமயம், வீதியுலா வரும் பொருட்டுச் செய்யப்பட்ட திருமேனி தொலைதூர நாட்டில் கண்ணாடிச் சுவர்களுக்கு நடுவே அசைவின்றி நிற்கிறதே என்ற ஏக்கமும் எழத்தான் செய்கிறது.

தன் குறையைத் தானே காட்டிய கண்காட்சி

இந்த ஏக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. ஒல்லாந்தர்கள் கப்பலேறி வந்து வணிகம் செய்த காலத்தில் கொண்டு சென்ற பொருட்கள் ஏராளம். அவற்றுள் அநியாயமாகப் பறித்தவற்றைத் திருப்பித் தரவேண்டும் என்ற கொள்கையை நெதர்லாந்து அரசு அண்மையில் ஏற்றுக்கொண்டது. அதன்படி 2023-இல் இந்தோனேசியாவுக்கும் இலங்கைக்கும் 478 பொருட்கள் திருப்பித் தரப்பட்டன. 1765-இல் கண்டி அரண்மனையிலிருந்து கவர்ந்து செல்லப்பட்டு, ரைக்ஸ்மியூசியத்தில் வைக்கப்பட்டிருந்த, பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் இழைத்த சிறு பீரங்கியும் அவற்றுள் ஒன்று.

பொருட்களைவிடக் கொடியது மனிதரையே விலை பேசியது. ஆப்பிரிக்காவிலிருந்தும், வங்கம், சோழமண்டலக் கரை போன்ற ஆசியப் பகுதிகளிலிருந்தும் ஒல்லாந்தர் மக்களை அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். 2021-இல் ரைக்ஸ்மியூசியம் 'அடிமைமுறை' என்ற பெயரிலேயே ஒரு கண்காட்சி நடத்தியது. நாட்டின் மன்னரே அதைத் திறந்து வைத்தார். பத்து மனிதர்களின் உண்மை வரலாறுகளைக் கொண்டு அது அமைக்கப்பட்டிருந்தது.

அங்கே ஒரு பித்தளைக் கழுத்து வளையம் வைக்கப்பட்டிருந்தது. நெடுங்காலம் பதிவேட்டில் அது நாயின் கழுத்துப்பட்டை என்றே எழுதப்பட்டிருந்தது. ஆனால் அக்காலத்துச் செல்வர் வீட்டு ஓவியங்களைக் கூர்ந்து நோக்கியவர்கள் திடுக்கிட்டார்கள். அதைப்போன்ற வளையங்களைக் கழுத்தில் அணிந்து நின்றவர்கள் ஆப்பிரிக்கச் சிறுவர்கள்! பொருள் மாறவில்லை, பார்த்த கண்கள்தாம் மாறின. அருங்காட்சியகத்தில் ஒரு பொருளின் கீழே எழுதியிருக்கும் இரண்டு வரி எவ்வளவு முக்கியமானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தம்பி மனைவி காத்த ஓவியங்கள்

அரசு அருங்காட்சியகத்தின் பின்புறம் விரிந்த புல்வெளி ஒன்று உண்டு. அதன் ஓரத்தில் 1973-இல் திறக்கப்பட்ட வான்கோ அருங்காட்சியகம் நிற்கிறது. வின்சென்ட் வான்கோவின் 200-க்கும் மேற்பட்ட ஓவியங்களும் ஏறத்தாழ 500 கோட்டுச் சித்திரங்களும் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. சூரியகாந்திப் பூக்களும், விளக்கொளியில் உருளைக்கிழங்கு உண்ணும் ஏழைக் குடும்பமும் காண்போர் உள்ளத்தைக் கொள்ளை கொள்கின்றன.

வான்கோ வாழ்ந்த காலத்தில் அவருடைய ஓவியங்களை வாங்குவார் மிக அரிது. அவருக்குப் பணமும் அன்பும் தந்து ஆதரித்தவர் தம்பி தியோ. 1890 ஜூலையில் வின்சென்ட் இறந்தார். ஆறே மாதங்களில் தியோவும் இறந்தார். தியோவின் மனைவி யோஹன்னாவின் கையில் மிஞ்சியவை ஒரு கைக்குழந்தையும், யாரும் விரும்பாத நூற்றுக்கணக்கான ஓவியங்களும், கட்டுக் கட்டாகக் கடிதங்களும்தாம். வேறு யாராயிருந்தாலும் அவற்றைப் பரணில் போட்டிருப்பார்கள். அவரோ கண்காட்சி கண்காட்சியாக எடுத்துச் சென்று உலகுக்குக் காட்டினார். கடிதங்களை ஒழுங்குபடுத்தி 1914-இல் நூலாகவும் வெளியிட்டார்.

அந்தக் குழந்தைக்குப் பெரியப்பாவின் பெயரையே வைத்திருந்தார்கள். அது பிறந்த மகிழ்ச்சியில் வான்கோ வரைந்து தந்ததுதான் நீல வானில் வாதுமைக் கிளை பூத்திருக்கும் ஓவியம். பிற்காலத்தில் அக்குழந்தையே வளர்ந்து, குடும்பத்துச் சொத்தான ஓவியங்கள் சிதறாமல் அருங்காட்சியகமாக நிலைபெற வழி செய்தார். ஒரு பெண்ணின் விடாமுயற்சி இல்லாவிட்டால் உலகம் ஒரு மாபெரும் கலைஞரை இழந்திருக்கும் அன்றோ!

நம் வயதுப் பெண் மறைந்திருந்த வீடு

பிரின்சன் கால்வாய்க் கரையில் 263-ஆம் எண் வீடு. 1635-இல் கட்டப்பட்ட சாதாரண வணிக வீடு. 1940-களில் அதில் ஜாம் செய்யும் பொருளும் மசாலாவும் விற்கும் நிறுவனம் ஒன்றை நடத்தி வந்தவர் ஓட்டோ ஃபிராங்க் என்னும் யூதர். ஹிட்லரின் கொடுமைக்கு அஞ்சி ஜெர்மனியை விட்டு வந்த குடும்பம் அவருடையது. 1940-இல் ஜெர்மானியப் படை நெதர்லாந்தையும் பிடித்தது. யூதக் குழந்தைகள் மற்றவர்களோடு படிக்கக் கூடாது, பூங்காவுக்குச் செல்லக் கூடாது, மிதிவண்டி ஓட்டக் கூடாது என்று ஒவ்வொன்றாகத் தடைகள் வந்தன.

ஓட்டோவின் இளைய மகள் ஆன் ஃபிராங்க், 1942 ஜூன் 12-ஆம் நாள் தன் 13-ஆம் பிறந்தநாளுக்குச் சிவப்புக் கட்டம் போட்ட நாட்குறிப்பு ஒன்றைப் பரிசாகப் பெற்றாள். அடுத்த மாதம் 5-ஆம் நாள், 16 வயதான அவள் அக்காவுக்கு ஜெர்மனிக்கு வேலைக்கு வரும்படி ஆணை வந்தது. மறுநாளே குடும்பம் அவ்வீட்டின் பின்கட்டில் மறைந்துகொண்டது. வாயிலை மறைக்க, நகரக்கூடிய புத்தக அலமாரி ஒன்றைச் செய்து வைத்தார்கள். மொத்தம் எட்டுப் பேர். பகலில் கீழே ஆட்கள் வேலை செய்யும்போது நடக்கவும் பேசவும் அஞ்சி இருக்க வேண்டும். அலுவலகத்து நண்பர்கள் சிலர் உயிரைப் பணயம் வைத்து உணவும் புத்தகமும் கொண்டு வந்து கொடுத்தார்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அப்படியே வாழ்ந்தார்கள். 1944 ஆகஸ்டு 4-ஆம் நாள் அனைவரும் பிடிபட்டனர். 1945-இன் தொடக்கத்தில் பெர்கன்-பெல்சன் முகாமில் அக்காவும் தங்கையும் நோயுற்று இறந்தனர். அப்போது ஆனுக்கு வயது 15. இதை எழுதும் எனக்கும் அதே வயதுதான். எட்டுப் பேரில் உயிரோடு திரும்பியவர் தந்தை ஒருவரே. மீப் கீஸ் என்ற பெண்மணி எடுத்துக் காத்து வைத்திருந்த மகளின் நாட்குறிப்பை அவர் 1947-இல் வெளியிட்டார்.

1960-இல் அவ்வீடு அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. பின்கட்டு அறைகளில் நாற்காலி மேசை ஒன்றும் இல்லை. கைது செய்தவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களை எல்லாம் எடுத்துச் சென்றுவிட்டார்கள். இல்லாமற்போனவர்களின் வெறுமை தெரியட்டும் என்று, அறைகளை அப்படியே விட்டுவைக்கும்படி தந்தை கேட்டுக்கொண்டார். சுவரில் ஆன் ஒட்டிய திரைப்பட நடிகையரின் படங்களும் இளவரசியரின் படங்களும் மட்டும் இன்னும் இருக்கின்றன. மற்றொரு சுவரில் சில பென்சில் கோடுகள். பிள்ளைகள் வளர வளரப் பெற்றோர் உயரம் குறித்த கோடுகள் அவை. மறைந்திருந்த காலத்தில் ஆன் 13 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்திருக்கிறாள். நம் வீட்டுக் கதவு நிலையிலும் இத்தகைய கோடுகள் இருக்கின்றன. ஆனால் நமக்கு மேற்கொண்டும் கோடு போடுவார்கள்.

இதன் தொடர்ச்சியாக, 2021-இல் நாட்டில் கொல்லப்பட்ட யூதர், ரோமா, சிந்தி மக்கள் 1,02,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்களை ஒவ்வொரு செங்கல்லில் ஒன்றாகப் பொறித்து ஒரு நினைவிடம் எழுப்பப்பட்டது. 2024 மார்ச்சில் தேசிய அருங்காட்சியகம் ஒன்றும் திறக்கப்பட்டது. அது அமைந்திருப்பது ஒரு பழைய ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில். போர்க்காலத்தில் பக்கத்துக் குழந்தைகள் இல்லத்தில் அடைக்கப்பட்டிருந்த யூதக் குழந்தைகளை அங்கு பணிபுரிந்த இளம் பெண்கள் வேலிக்கு மேலாகக் கல்லூரிக்குள் கொடுத்துவிடுவார்கள். டிராம் வண்டி வந்து காவலர் கண்ணை மறைக்கும் நொடியில் வெளியே கொண்டு போய்விடுவார்கள். இவ்வாறு தப்பிய குழந்தைகள் ஏறக்குறைய 600 பேர்!

ஆண்டு முழுதும் விழாக்கோலம்

துயரத்தை மறவாத இம்மக்கள் மகிழ்ச்சியையும் மறந்தவர்கள் அல்லர். ஜனவரி மூன்றாம் சனிக்கிழமையன்று துலிப் மலர்த் திருநாள். சுமார் 2,00,000 மலர்களைக் கொண்டு சதுக்கத்தில் தோட்டமே அமைப்பார்கள். வருவோர் இலவசமாகப் பறித்துச் செல்லலாம்!

மார்ச்சு மாதத்தில் ஓர் இரவு, 'மௌன ஊர்வலம்' நடைபெறுகிறது. 1345-இல் தீயில் இடப்பட்ட நற்கருணை எரியாமல் இருந்தது என்ற அற்புதத்தை நினைந்து கத்தோலிக்கர்கள் நடக்கும் நடை இது. ஊர்வலங்களுக்குத் தடையிருந்த காலத்தில், 1881-இல், கொடியும் பாட்டும் விளக்கும் இன்றித் தொடங்கியது. இன்று தடை இல்லை. ஆயினும் ஆயிரக்கணக்கானோர் அதே மௌனத்தோடுதான் நடக்கிறார்கள்.

ஏப்ரல் 27 மன்னரின் பிறந்தநாள். ஊரே ஆரஞ்சு நிறத்தில் உடுத்துகிறது. அரச குலத்தின் பெயரே ஆரஞ்சு அன்றோ! அன்று யார் வேண்டுமானாலும் தெருவில் கடை விரிக்கலாம். சிறுவர் சிறுமியர் தம் பழைய பொம்மைகளையும் புத்தகங்களையும் விற்கிறார்கள்; சிலர் வயலின் வாசித்துக் காசு சேர்க்கிறார்கள். ஒரே வாரத்தில் காட்சி மாறுகிறது. மே 4 மாலை 8 மணிக்குப் போரில் இறந்தோர்க்காக நாடு முழுதும் இரண்டு நிமிட மௌனம். மறுநாள் மே 5, விடுதலை நாள். இரவில் ஆம்ஸ்டல் ஆற்றின்மேல் இன்னிசை முழங்குகிறது.

ஜூலை முதல் நாள் 'கெட்டி கோட்டி'. சங்கிலி அறுந்தது என்று பொருள். 1863-இல் இதே நாளில் டச்சுக் குடியேற்றங்களில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. ஆயினும் சுரினாம் நாட்டில் அவர்கள் மேலும் பத்தாண்டுகள் கட்டாய வேலை செய்ய வேண்டியிருந்தது. 2023-இல் இவ்விழாவில்தான் மன்னர் வில்லெம்-அலெக்சாண்டர் அடிமைமுறைக்காக மன்னிப்புக் கேட்டார்.

ஆகஸ்டில் கால்வாய் இசைவிழா. 1981 முதல் பிரின்சன் கால்வாயின் நீர்மேல் மேடையமைத்துக் கச்சேரி நடத்துகிறார்கள். மக்கள் படகுகளில் அமர்ந்தே கேட்கிறார்கள். இதைத் தவிர, 1888-இல் திறக்கப்பட்ட கன்செர்ட்கெபாவ் என்னும் புகழ்பெற்ற இசையரங்கில் பருவக் காலத்தில் புதன்கிழமை நண்பகலில் இலவசக் கச்சேரியும் உண்டு. நவம்பர் முதல் சனிக்கிழமை 'அருங்காட்சியக இரவு'. ஐம்பது அளவிலான அருங்காட்சியகங்கள் நள்ளிரவுக்குப் பின் 2 மணிவரை திறந்திருக்கும். அதே மாதம் புனித நிக்கோலாஸ் வேடமணிந்தவர் படகில் வந்து குதிரையேறுவார். அவருடைய குதிரைக்காகக் குழந்தைகள் காலணிக்குள் காரட் வைத்துவிட்டு உறங்கப் போகிறார்கள். காலையில் பரிசு இருக்கும்!

செல்வோர் அறிய வேண்டியவை

18 வயதுக்கு உட்பட்டோர்க்கு ரைக்ஸ்மியூசியத்திலும் வான்கோ அருங்காட்சியகத்திலும் கட்டணமில்லை. ரைக்ஸ்மியூசியம் ஆண்டின் 365 நாட்களும் திறந்திருக்கும். ஆன் ஃபிராங்க் இல்லத்துக்கு இணையத்தின் வழியே மட்டுமே நுழைவுச்சீட்டு. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ஆறு வாரங்களுக்குப் பிந்திய நாட்களுக்கான சீட்டுகள் வெளிவரும். வந்தவுடன் தீர்ந்துவிடும்.

பயணச்சீட்டு வாங்க வசதியில்லாத நமக்கும் வழியுண்டு. ரைக்ஸ்மியூசியம் இலட்சக்கணக்கான பொருட்களின் படங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. 'இராக்காவல்' ஓவியத்தை 71,700 கோடிப் புள்ளிகள் கொண்ட ஒரே படமாக 2022-இல் வெளியிட்டார்கள். பெரிதாக்கிக்கொண்டே போனால் ரெம்பிராண்டின் தூரிகைக் கோடும், வண்ணத்தில் விழுந்த விரிசலும் தெரிகின்றன. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் நிற்பவர்கூட அவ்வளவு கிட்டத்தில் பார்க்க இயலாது! ஆன் மறைந்திருந்த அறைகளையும் அவ்வாறே கணினியில் சுற்றி வரலாம்.

முடிவுரை

கண்காட்சி என்பது களிப்புக்குத்தானே, அங்கே எதற்குக் கண்ணீரும் குற்ற ஒப்புதலும் என்று சிலர் கேட்கலாம். ஆம்ஸ்டர்டாம் தன் அழகை மட்டும் காட்டியிருந்தால் நாம் வியந்துவிட்டு மறந்திருப்போம். மாடி ஆலயத்தையும், வெறுமையான அறைகளையும், நாய்ப்பட்டை என்று தவறாக எழுதப்பட்ட வளையத்தையும் சேர்த்துக் காட்டுவதால்தான் அந்நகரத்தார் சொல்வதை நம்ப முடிகிறது. சூரியகாந்தி ஓவியத்தின் மஞ்சளும் அங்கே மேலும் பொலிவாகத் தெரிகிறது.

அங்கே காக்கப்பட்டவற்றுள் பல, மன்னர்களால் காக்கப்பட்டவை அல்ல. ஒரு வணிகர், ஒரு விதவைத் தாய், அலுவலகத்தில் வேலை பார்த்த ஒரு பெண்மணி ஆகியோர் தூக்கி எறியாமல் வைத்திருந்தவையே அவை. நம் வீட்டுப் பரணிலும் பாட்டியின் பெட்டியிலும் கிடக்கும் பழங்கடிதங்களையும் படங்களையும் குப்பை என்று ஒதுக்குமுன், அவை யாருடையவை என்று இந்த விடுமுறையில் பெரியவர்களைக் கேட்டு எழுதி வைப்போமாக!